பிச்சாவரத்து நீர்க்காடு

விடுமுறை நாள்களில் நீர்நிலைகளை நாடிச் செல்லும் வழக்கம் உலகெங்கும் உண்டு. மேலைநாட்டு மக்கள் மலைகளின் இடையே அமைந்த ஏரிகளுக்குச் சென்று, கரையில் கூடாரம் அடித்துத் தங்குவர். டிரவுட் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடித்து மகிழ்வர். தமிழ்நாட்டிலும் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் இம்மீன் உண்டு. ஆனால் அஃது அம்மலைக்கு இயல்பாக உரியதன்று. கடல் கடந்து கொண்டுவரப்பட்டது. 1863ஆம் ஆண்டிலேயே அதனை அங்கு வாழச் செய்ய முயன்றனர். எனினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அம்முயற்சி கைகூடிற்று. அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தொட்டிகள் கட்டி, குளிர்ந்த ஓடைநீரை ஓடவிட்டு, முட்டைகளைப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளுக்கு உணவிட்டுக் காத்தால்தான் அவ்வோடைகளில் மீன்வளம் குன்றாதிருக்கும்.

கடலூர் மாவட்டத்தின் கடற்கரையில் மலை ஏரியும் இல்லை. டிரவுட் வாழ்வதற்கேற்ற குளிர்ந்த நீரும் இல்லை. ஆயினும், மனிதர் தொட்டி கட்டாமலும் உணவு இடாமலும் மீனும் இறாலும் நண்டும் தாமே வளர்ந்து பெருகும் இயற்கைப் பண்ணை ஒன்று அங்கே உள்ளது. அதற்குச் சுவர் இல்லை. மரங்களின் வேர்களே வேலி. அதற்குக் காவலர் இல்லை. கடலின் ஏற்றமும் வற்றமுமே அதனைப் பேணுகின்றன. அதுவே பிச்சாவரம் அலையாத்திக் காடு.

கடலூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் சிதம்பரத்தை அடையலாம். அங்கிருந்து கிழக்கே கிள்ளை வழியாகப் பிச்சாவரத்திற்குச் சாலை செல்கின்றது. தொலைவு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வழியின் இருபுறமும் முதலில் நெல்வயல்கள் தோன்றும். கடலை நெருங்க நெருங்க வயல்கள் குறைந்து, உவர்நிலம் தலைகாட்டும். காற்றில் உப்பின் மணம் கலக்கும். சாலையின் முடிவில் படகுத்துறை. அதற்கு அப்பால் நீரும் பசுமையும் அன்றி வேறொன்றும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

வடக்கே வெள்ளாறு; தெற்கே கொள்ளிடம்; கிழக்கே வங்காள விரிகுடா. இம்மூன்றுக்கும் நடுவே பிச்சாவரத்துக் காடு ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் அமைந்துள்ளது. காட்டிற்கும் கடலுக்கும் இடையே மணல்திட்டு ஒன்று கரைபோல் நீண்டு கிடக்கின்றது. உள்ளே ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு தீவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றியும் ஊடறுத்தும் கால்வாய்கள் பின்னிக் கிடக்கின்றன. அகன்ற கால்வாய்களில் விசைப்படகுகள் செல்லும். குறுகிய கால்வாய்களிலோ துடுப்புப் படகு மட்டுமே நுழைய இயலும். அங்கே இருபுறத்து மரங்களும் தலைகுனிந்து ஒன்றையொன்று தழுவி, படகின்மேல் பசும்பந்தல் இட்டு நிற்கும். வெளியே வெயில் கொளுத்தினும் உள்ளே நிழல் பரவியிருக்கும். துடுப்பு நீரைத் தள்ளும் ஓசையும், இடையிடையே பறவையொன்றின் குரலும் தவிர வேறு ஒலி கேட்பது அரிது.

இக்காட்டிற்கு வரும் நீர் ஒருவகைப்பட்டதன்று. மழைக்காலத்தில் ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கடலோ நாள்தோறும் இருமுறை உயர்ந்து உள்ளே புகுகின்றது. இருமுறை தாழ்ந்து வெளியேறுகின்றது. இக்கரையில் இவ்வேற்றவற்றம் பெரிதன்று. ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டுவது அரிது. ஆயினும் காடு உயிர்வாழ அச்சிறிய அசைவே போதுமானது. அசைவு நின்றால் காடும் நில்லாது. இவ்வுண்மையை மனிதர் உணர்ந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

உப்புநீரில் மரம் வளர்வது எளிய செயலன்று. கடல்நீரில் லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அந்நீரை மாமரத்திற்கோ வேப்பமரத்திற்கோ நாள்தோறும் பாய்ச்சினால் அது விரைவில் பட்டுப்போகும். அலையாத்தி மரங்களோ அதனையே குடித்து வாழ்கின்றன. இங்கு மிகுதியாகக் காணப்படும் வெண்கண்டல் மரம், உள்ளே சென்ற உப்பைத் தன் இலைகளின் வழியே வெளியே கசியவிடுகின்றது. வெயில் நேரத்தில் அவ்விலையை விரலால் தடவினால் உப்பு ஒட்டுவதை உணரலாம். கால்வாய்க் கரைகளில் நிற்கும் சுரபுன்னை மரமோ வேறொரு முறையைக் கையாள்கின்றது. நீரை உறிஞ்சும்போதே வேரின் வாயிலில் உப்பின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்திவிடுகின்றது.

உப்பு ஒரு தொல்லை என்றால், சேறு மற்றொரு தொல்லை. வேர்கள் உயிர்ப்பதற்குக் காற்று வேண்டும். குழைந்த சேற்றினுள் காற்றுப் புகுவதில்லை. எனவே வெண்கண்டல் மரம், மண்ணுக்குள் கிடக்கும் தன் வேர்களிலிருந்து விரல் போன்ற சிறு முனைகளை மேல்நோக்கி அனுப்புகின்றது. நீர் வற்றிய வேளையில் மரத்தைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான எழுதுகோல்களைச் சேற்றில் நட்டு வைத்தாற்போல் அவை காட்சியளிக்கும். சுரபுன்னையோ தன் தண்டிலிருந்தே வளைந்த வேர்களை இறக்கி, பல கால்களை ஊன்றி நிற்பதுபோல் நிற்கின்றது. அவ்வேர்களில் உள்ள நுண்துளைகளின் வழியே காற்று உட்செல்கின்றது. அவையே மரத்தை அலையிலும் புயலிலும் சாயாமல் தாங்குகின்றன.

சுரபுன்னையின் விதை முளைக்கும் முறை இன்னும் வியப்பிற்குரியது. பிற மரங்களின் விதை மண்ணில் விழுந்தபின் முளைக்கும். சேற்றிலும் உப்புநீரிலும் விழும் விதை முளைப்பதற்கு முன்பே அழிந்துவிடக்கூடும். ஆதலின் இம்மரம் தன் விதையைக் கிளையிலேயே வைத்து முளைக்கச் செய்கின்றது. முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும் இளஞ்செடி, தக்க பருவத்தில் தாய்மரத்தை விட்டு விழுகின்றது. நீர் வற்றியிருந்தால் சேற்றில் குத்தி நின்று அங்கேயே வேர்விடும். நீர் நிறைந்திருந்தால் மிதந்து சென்று, கரை கண்ட இடத்தில் காலூன்றும். குழந்தையை நடக்கப் பழக்கியபின் வெளியே அனுப்பும் தாய்க்கு இம்மரத்தை ஒப்பிடலாம்.

இக்காட்டில் தில்லை என்னும் மரமும் உண்டு. சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை என்பதை அனைவரும் அறிவர். அம்மரங்கள் நிறைந்திருந்தமையால் ஊர் அப்பெயர் பெற்றது என்பர். சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரமும் தில்லையே. இன்று அம்மரத்தைக் காண விரும்புவோர் பிச்சாவரத்திற்கே வரவேண்டும். ஆயின், அதன் கிளையை ஒடித்தல் கூடாது. அதிலிருந்து வடியும் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். ஓர் ஊருக்குப் பெயர் தந்த மரம் அவ்வூரைவிட்டு மறைந்து, இந்நீர்க்காட்டில் மட்டும் எஞ்சி நிற்பது சிந்திக்கத்தக்கது.

இனி, இக்காடு மீன்பண்ணையாக விளங்கும் முறையைக் காண்போம். மரங்கள் ஆண்டு முழுவதும் இலைகளை உதிர்க்கின்றன. நீரில் விழுந்த இலையை முதலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் பற்றிச் சிதைக்கின்றன. இலைத்துகளையும் அதன்மேல் படர்ந்த நுண்ணுயிர்களையும் புழுக்களும் சிறு இறால்களும் நண்டுகளும் தின்கின்றன. அவற்றைச் சிறுமீன்கள் உண்ண, சிறுமீன்களைக் கொடுவா போன்ற பெருமீன்கள் உண்கின்றன. மடவை மீன்கள் சேற்றின்மேல் படிந்த நுண்பாசியையும் துகள்களையும் மேய்ந்து வளர்கின்றன. இவ்வாறு, மரத்தடியில் விழுந்த ஓர் இலை பல கைகள் மாறி, இறுதியில் மீனவனின் வலைக்கு மீனாக வந்து சேர்கின்றது.

இறாலின் வாழ்க்கை இதனை நன்கு விளக்கும். வெள்ளை இறால் கடலிலேயே முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவந்த சிற்றுயிர்கள் நீரோட்டத்தில் மிதந்து, கழிமுகங்களின் வழியே இக்கால்வாய்களுக்குள் வந்து சேர்கின்றன. இங்கே உணவு மிகுதி. வேர்களின் இடுக்குகளுக்குள் பெருமீன்கள் நுழைய மாட்டா. ஆதலின் அவை சில திங்கள் அச்சமின்றி வளர்ந்து, பின்னர்க் கடலுக்குத் திரும்புகின்றன. கரையிலிருந்து தொலைவில் வலைவீசும் மீனவர் பிடிக்கும் இறாலில் ஒரு பகுதி, இக்காட்டின் மடியில் வளர்ந்ததே ஆகும். காடு கரையில் இருக்க, அதன் பயன் கடலெங்கும் பரவுகின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் நடத்திவரும் கடல் உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அறிஞர்கள், இந்நீர்வாழ் உயிர்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர்.

இக்காட்டை அண்டிப் பல சிற்றூர்கள் பிழைக்கின்றன. படகும் வலையும் உடைய மீனவர் ஒருபுறம் இருக்க, அவை இல்லாத இருளர் குடும்பத்தினர் தம் கைகளையே கருவியாகக் கொண்டு இறால் பிடிக்கின்றனர். ஆழம் குறைந்த நீரில் அமர்ந்தவாறு நகர்ந்து, சேற்றில் விரல்களைப் பரப்பித் துழாவுவர். கையில் அகப்பட்ட இறாலையும் நண்டையும், பற்களால் கவ்விப் பிடித்த ஓலைப்பறியில் இடுவர். இரு கைகளும் நீருக்குள் இருப்பதனால் பறியைப் பற்றுதற்கு வாய் அன்றி வேறு வழியில்லை. ஆண்களும் பெண்களும் பல நாழிகை நீரில் இருந்து இவ்வாறு உழைக்கின்றனர். பொழுதுபோக்கிற்காகத் தூண்டில் வீசுவோர்க்கு மீன் கிடையாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. இம்மக்களுக்கோ சேற்றில் இறால் இல்லாத நாள், அடுப்பில் உலை ஏறாத நாளாகும்.

இத்தகைய காடு ஒருகாலத்தில் அழியும் நிலையை அடைந்தது. முற்காலத்தில் இதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் முறைவைத்து மரங்களை அடியோடு வெட்டி எடுத்தனர். வெட்டிய இடத்தில் மரம் தானே தழைத்துவிடும் என்று அவர்கள் எண்ணினர். ஆனால் பல இடங்களில் அவ்வாறு நிகழவில்லை. நிலம் வெறுமையாகவே கிடந்தது. ஆடுமாடுகள் மேய்ந்தமையும் மக்கள் விறகு வெட்டியமையுமே காரணம் என்று முதலில் பலரும் கருதினர். குற்றம் சுற்றுவட்டாரத்து ஏழை மக்கள்மீது சுமத்தப்பட்டது.

பின்னர் மண்ணையும் நீரையும் ஆராய்ந்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. மரநிழல் நீங்கியதும் வெயில் நேரே சேற்றின்மேல் விழுந்தது. மண்ணில் இருந்த ஈரம் ஆவியாயிற்று. மண் சுருங்கித் தாழ்ந்தது. வெட்டப்பட்ட இடத்தின் நடுப்பகுதி தட்டுப்போல் குழிந்தது. கடல் ஏறும்போது அக்குழிக்குள் புகுந்த நீர், கடல் வற்றும்போது வெளியேற வழியின்றித் தேங்கிற்று. தேங்கிய நீர் வெயிலில் வற்ற, உப்பு மட்டும் மண்ணில் தங்கியது. நாளடைவில் அவ்வுப்பு, கடல்நீரின் உப்பைவிடப் பன்மடங்கு மிகுந்தது. உப்பை வெல்லும் ஆற்றல் பெற்ற அலையாத்தி மரத்தின் விதையும் அங்கே முளைக்க இயலாமற் போயிற்று. நீரின் அசைவு நின்றமையே காடு மீளாமைக்குக் காரணம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

நோயின் மூலம் தெரிந்தபின் மருந்து காண்பது எளிதாயிற்று. 1990களில் சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊர்மக்களோடு இணைந்து இப்பணியில் இறங்கின. இயற்கைக் கால்வாயிலிருந்து வெற்றிடத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்காலை வெட்டினர். அதன் இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்களைப் பிரித்தனர். மேலிருந்து நோக்கினால் அது மீனின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் போலத் தோன்றும். இவ்வாய்க்கால்களின் வழியே கடல்நீர் நாள்தோறும் உள்ளே வந்து, மண்ணிலிருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறிற்று. மண் பதப்பட்டபின் வாய்க்கால் ஓரங்களில் கன்றுகளை நட்டனர். வெட்டவெளியாய்க் கிடந்த இடங்கள் மீண்டும் பசுமை பெற்றன. காட்டை அழித்தவர் என்று முன்னர்ப் பழிக்கப்பட்ட மக்களே வாய்க்கால் தோண்டினர், கன்று நட்டனர், அவற்றைக் காத்தும் வந்தனர்.

அம்முயற்சியின் அருமை சில ஆண்டுகளில் அனைவருக்கும் விளங்கிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, சுமத்திரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிச்சாவரத்தை அடுத்த பகுதியில், கடலை நோக்கிய மணல்திட்டின்மேல் இருந்த சிற்றூர்கள் பேரழிவிற்கு உள்ளாயின. காட்டின் பின்னே இருந்த குடியிருப்புகளில் சேதம் அத்துணைப் பெரிதாகவில்லை. சீறிவந்த நீர் ஆயிரக்கணக்கான வேர்களிலும் தண்டுகளிலும் மோதி வேகம் இழந்தது. எஞ்சிய நீர் கால்வாய்களில் பிரிந்து பரவியது.

இதனைப் பின்னர் ஆராய்ந்த அறிஞர்களுள் சிலர், ஊர் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது, நிலம் எவ்வளவு உயர்ந்திருந்தது என்பனவற்றையும் கருத வேண்டும் என்றனர். அதுவும் ஏற்கத்தக்கதே. எவ்வளவு பெரிய அலையையும் காடு ஒன்றே தடுத்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. ஆயினும், மரங்கள் அடர்ந்து நின்ற கரைக்கும் வெறுமையாய்க் கிடந்த கரைக்கும் வேறுபாடு இருந்ததை அம்மாவட்டத்தில் செய்த ஆய்வுகள் காட்டின. அலையின் வேகத்தை ஆற்றுவது எனப் பொருள் கூறப்படும் 'அலையாத்தி' என்னும் பெயரின் தகுதியை மக்கள் அன்று நேரிற் கண்டனர்.

கார்த்திகை முதல் மாசி வரையில் இங்கு வருவோர் பறவைகளையும் மிகுதியாகக் காணலாம். கொக்குகளும் நாரைகளும் நீர்க்காகங்களும் வேர்களின்மேல் அமர்ந்து மீனுக்காகக் காத்திருக்கும். வடதிசைக் குளிருக்கு அஞ்சி நெடுந்தொலைவு பறந்துவரும் பறவைகளும் இச்சேற்றுத் திட்டுகளில் இரைதேடும். இவ்வளவு வளங்களையும் கருதி, 2022ஆம் ஆண்டில் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971ஆம் ஆண்டில் பல நாடுகள் கூடிச் செய்த உடன்பாட்டின்படி, உலகம் முழுவதற்கும் இன்றியமையாதவை எனக் கருதப்படும் நீர்நிலங்களின் பட்டியல் அது.

பட்டியலில் பெயர் ஏறியதனால் மட்டும் காடு பிழைத்துவிடாது. ஆறுகளின் மேற்பகுதியில் அணைகள் பெருகியபின், மழைக்காலம் ஒழிந்த நாள்களில் இங்கு வந்துசேரும் நன்னீர் குறைந்துவிட்டது. நன்னீரை மிகுதியாக வேண்டும் சில மரவகைகள் அருகிவிட்டன. கழிமுகம் மணலால் தூர்ந்தாலும், வெட்டிய வாய்க்கால்கள் சேற்றால் அடைபட்டாலும் பழைய கேடு மீண்டும் தலைதூக்கும். எனவே வாய்க்கால்களை அவ்வப்போது தூர்வாரி, நீரின் போக்குவரவைக் காத்தல் வேண்டும்.

காணச் செல்வோர்க்கும் கடமைகள் உண்டு. காலை வேளையில் சென்று துடுப்புப் படகில் உள்ளே நுழைவதே சிறந்தது. அமைதியாகச் செல்வோர்க்கே பறவைகள் காட்சி தரும். உரத்த கூச்சலும் பாட்டும் அவற்றைக் கலைத்துவிடும். கிளைகளை ஒடித்தலும், சுரபுன்னையின் தொங்கும் இளஞ்செடிகளைப் பறித்தலும் தகாதன. பறிக்கப்பட்ட ஒவ்வொன்றும் பிறவாமற்போன ஒரு மரமாகும். நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் நீரில் எறிந்தால் அவை வேர்களில் சிக்கித் தங்கிவிடும். இருளர் சேற்றில் கைவிட்டுத் துழாவும் இடமும் அதுவே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கு எறியப்படும் உடைந்த புட்டி ஒரு தாயின் விரலைக் கிழிக்கக்கூடும்.

அவலாஞ்சியில் ஓடைநீர் தொட்டியில் தடையின்றி ஓடும்வரையில்தான் மீன்குஞ்சு உயிரோடிருக்கும். அதனைக் கண்காணிக்கப் பணியாளர் இருப்பர். பிச்சாவரத்திலோ கடலே நாள்தோறும் இருமுறை அப்பணியைச் செய்கின்றது. அதன் வழியை அடைக்காதிருத்தலும், அடைந்த வழியைத் திறந்துவிடுதலுமே மனிதர் ஆற்றவேண்டிய பணிகள். அவற்றைச் செய்தால் மரம் தழைக்கும், இறால் வளரும், ஓலைப்பறி நிறையும், பேரலை எழும் நாளில் பின்னே வாழும் ஊர்களுக்கு ஒரு பசிய அரணும் நிற்கும்.